அந்தப் பதாகையை இறக்குங்கள்

மன்னார் - மதவாச்சி வீதியில், உயிலங்குளத்துக்குக் கிட்டவாக உள்ள ஒரு பொது மண்டபத்தில் கடந்த மாதம் பாடசாலைப் பிள்ளைகளுக்கான சட்ட விழிப்புணர்வுக் கண்காட்சி நடந்தது. நடத்தியவர்களின் பெயரை நாம் எழுதவில்லை. அவர்கள் திருந்த வேண்டும் என்பதே நோக்கம். நாற வேண்டும் என்பதல்ல. ஆனால் செய்த பிழையை மூடி மறைத்து எழுத மாட்டோம்.

மண்டப வாசலில் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு பதாகை. அதில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். மூன்று பேர் நிற்கிறார்கள். பின்னால் இருக்கும் கொடியின் பெரும்பகுதி அச்சடித்தவரின் கத்தரியில் போய்விட்டது. மேலே பெரிய எழுத்தில் ‘சட்டத்தின் முன் யாவரும் சமம்’. கீழே ‘மக்கள் நீதிமன்றம்: மக்களுக்காக நீதி வழங்கும் நீதியரசர்கள்’. அதே படம், அதே வரியோடு, பிள்ளைகளின் கையில் கொடுத்த கையேட்டின் அட்டையிலும் இருந்தது.

க.பொ.த. சாதாரண தரத்தில் படிக்கும் பிள்ளை ஒருத்தி பதாகைக்கு முன்னால் நின்று, பொறுப்பாக நின்ற இளைஞரிடம் கேட்டாள்: “நடுவில நிக்கிறவர் ஆர் அண்ணா?” அவர் ஒருமுறை படத்தைப் பார்த்தார். “வெளிநாட்டில பெரிய நீதவான் ஒருத்தர் தங்கச்சி” என்றார். அவள் கையேட்டில் அதைக் குறித்துக்கொண்டு நகர்ந்தாள்.

நடுவில் நிற்பவர் ரோலண்ட் ஃபிரைஸ்லர். ஹிட்லரின் ஜேர்மனியில், நீதியின் அங்கியைப் போட்டுக்கொண்டு மனிதரைக் கொலைக்களத்துக்கு அனுப்பியவர்களில் முதல் ஆள். உலகம் முழுவதும் சட்டம் படிக்கிறவர்களுக்கு ‘நீதிபதி எப்படி இருக்கக் கூடாது’ என்று காட்டப்படும் முகம் அது. நம் பிள்ளைகளுக்கு அந்த முகத்தைக் காட்டி, இவரே நீதியரசர், இதுவே சமத்துவம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இதைச் சின்னப் பிழை என்று நாம் ஏற்க மாட்டோம். வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அந்தப் படத்தை ஒழுங்காக வாசித்துப் பார்ப்போம். அது ஜேர்மனியின் கூட்டாட்சிச் சுவடிக்கூடத்தில் இருக்கும், பலராலும் அறியப்பட்ட படம். 1944 ஜூலை 20ஆம் திகதி ஹிட்லரைக் குண்டு வைத்துக் கொல்ல எடுத்த முயற்சி தோற்ற பின்பு, அதில் சம்பந்தப்பட்டவர்களைப் பேர்லினில் விசாரித்த நேரத்தில் எடுத்தது. படத்தில் உள்ள மூவரின் பெயரும் சுவடிக்கூடக் குறிப்பில் இருக்கிறது: ஹெர்மான் ரைனெக்கே, ரோலண்ட் ஃபிரைஸ்லர், ஏர்ன்ஸ்ட் லவுட்ஸ். ரைனெக்கே ஒரு இராணுவத் தளபதி. லவுட்ஸ் அரசின் தலைமை வழக்குத்தொடுநர். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால் சட்டமா அதிபரின் கதிரையில் இருந்தவர். ஆக, ‘நீதியரசர்கள்’ என்று பன்மையில் எழுதிய அந்த வரி, தொழிலளவில்கூடப் பொய். மூவரில் ஒருவர் துப்பாக்கிக்காரர், ஒருவர் குற்றஞ்சாட்டுகிறவர். மிஞ்சிய ஒருவர் ஃபிரைஸ்லர்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியாது. அந்த மன்றத்தின் நீதிபதிகள் அணிந்தது இரத்தச் சிவப்பு அங்கி. 1936 ஒக்டோபரிலிருந்து ஜேர்மன் நீதிபதிகளின் அங்கியில், மார்புப் பக்கத்தில், கழுகும் ஸ்வஸ்திகாவும் கொண்ட சின்னம் தைக்கப்பட்டது. சட்டத்தின் மேல் கட்சியின் முத்திரையைக் குத்தினார்கள். நீதிபதிகள் அதைக் குத்திக்கொண்டே தீர்ப்பெழுதினார்கள். பதாகை அடித்தவர் படத்தைப் பெரிதாக்கிய நேரத்தில் ஒரு நிமிடம் உற்றுப் பார்த்திருந்தால் போதும், கை நடுங்கியிருக்கும்.

‘மக்கள் நீதிமன்றம்’ என்ற பெயர்தான் இவர்களை ஏமாற்றியிருக்க வேண்டும். பெயர் உண்மையானதுதான், ஜேர்மன் மொழியிலும் அதற்கு அதே பொருள். அந்தப் பெயரை வைத்தவர்களின் தந்திரமும் அதுவே. 1933இல் ஜேர்மன் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒருவருக்கு மரண தண்டனை விதித்து, மற்ற நால்வரையும் விடுதலை செய்தது. ஹிட்லருக்கு அது பிடிக்கவில்லை. நான்கு மாதம் கழித்து, 1934 ஏப்ரல் 24ஆம் திகதி, தேசத்துரோக வழக்குகளை விசாரிக்க ‘மக்கள் நீதிமன்றம்’ ஒன்றைச் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். ஒரு அமர்வுக்கு ஐந்து பேர். அதில் சட்டம் படித்தவர் இரண்டு பேர் இருந்தால் போதும். மற்ற மூவரும் கட்சியிலிருந்தும் படையிலிருந்தும் வந்தவர்கள். தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. இருந்த பதினொரு ஆண்டில் அந்த மன்றம் விதித்த மரண தண்டனைகள் ஐயாயிரத்துக்கும் மேல். அவற்றில் மிகப் பெரும்பாலானவை 1942 ஓகஸ்டில் ஃபிரைஸ்லர் தலைவராக வந்த பின்பு விதிக்கப்பட்டவை.

எண்ணிக்கை பிள்ளைகளின் மனதில் நிற்காது என்றால் ஒரு நாளைச் சொல்லிக்கொடுங்கள். 1943 பெப்ரவரி 22, திங்கட்கிழமை. மியூனிக் நகரில் ஹான்ஸ் ஷோல், அவர் தங்கை சோஃபி ஷோல், நண்பர் கிறிஸ்டோஃப் புறோப்ஸ்ட் ஆகிய மூன்று மாணவர்கள் ஃபிரைஸ்லர் முன் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் செய்த குற்றம், போரை எதிர்த்துத் துண்டுப்பிரசுரம் எழுதிப் பரப்பியது. நான்கு நாள் முன்னர்தான் அண்ணனும் தங்கையும் பல்கலைக்கழகத்தில் பிடிபட்டிருந்தார்கள். காலையில் விசாரணை தொடங்கியது, மதியத்துக்குள் தீர்ப்பு, பொழுது சாயும்போது மூவரின் தலையும் துண்டிக்கப்பட்டிருந்தது. சோஃபிக்கு வயது 21. கையேட்டை வாங்கிக்கொண்டு போன பிள்ளைக்கு அவள் ஐந்தாறு வயது மூத்த அக்கா, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு, நம் பதாகைப் படத்தின் வழக்கில், ஃபீல்ட் மார்ஷல் எர்வின் ஃபொன் விட்ஸ்லேபன் மன்றில் நிறுத்தப்பட்டார். இடுப்புப் பட்டியைப் பறித்துவிட்டுத்தான் அந்த வயோதிபரைக் கொண்டுவந்தார்கள். நழுவும் காற்சட்டையை அவர் கையால் பிடித்துக்கொண்டு நிற்க, ஃபிரைஸ்லர் அதைக் காட்டியே ஏசினார். விசாரணையைப் படம்பிடித்தபோது ஒலிப்பதிவு செய்தவர்களுக்கு ஃபிரைஸ்லரின் கத்தல் பெரும் தொல்லையாக இருந்தது. நீதிபதி போடும் சத்தத்துக்கும் எதிரி மெதுவாகச் சொல்லும் பதிலுக்கும் ஒரே கருவியில் அளவு வைக்க முடியவில்லை. 1944 ஓகஸ்ட் 8ஆம் திகதி தீர்ப்பு; அன்றே தூக்கு. ‘சட்டத்தின் முன் யாவரும் சமம்’ என்று நாம் எழுதி ஒட்டியது இந்த மன்றின் தலைக்கு மேலே.

அந்த நாடே தன் படத்துக்குக் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஃபிரைஸ்லர் 1945 பெப்ரவரி 3ஆம் திகதி பேர்லின் மீதான குண்டுவீச்சில் செத்ததால் கூண்டில் ஏறவில்லை. லவுட்ஸ் ஏறினார். 1947இல் நியூரம்பேர்க்கில் நடந்த நீதிபதிகள் வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டு, பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். 1985 ஜனவரி 25ஆம் திகதி மேற்கு ஜேர்மன் நாடாளுமன்றம், அந்த ‘மக்கள் நீதிமன்றம்’ நீதிமன்றமே அல்ல, பயங்கரத்தின் கருவி என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதைச் சொல்ல அவர்களுக்கு நாற்பது ஆண்டு பிடித்தது. அந்த மன்றில் இருந்த நீதிபதி ஒருவர்கூட மேற்கு ஜேர்மன் நீதிமன்றத்தில் இறுதியாகத் தண்டிக்கப்படவில்லை என்ற வெட்கமும் அவர்களுக்கு உண்டு. ஆனாலும் சொன்னார்கள். அவர்கள் நீதிமன்றமே அல்ல என்று அழித்த பலகையை, நாம் இங்கே துடைத்து மினுக்கி வாசலில் மாட்டியிருக்கிறோம்.

பொறுப்பானவர்களிடம் இதைச் சொன்னபோது மூன்று பதில் வந்தது. “தேடினோம், இந்தப் படம்தான் தெளிவா வந்தது” என்பது முதலாவது. “எங்கட பக்கத்தில ஆருக்கு இது தெரியப்போகுது” என்பது இரண்டாவது. “இனி அடுத்த முறை பாப்பம்” என்பது மூன்றாவது. முதற் பதிலில் இருப்பது சோம்பல், அதை மன்னிக்கலாம். மூன்றாவதில் இருப்பது தட்டிக்கழிப்பு. அது நமக்குப் பழகிப்போனது. இரண்டாவது பதில்தான் மன்னிக்க முடியாதது. உயிலங்குளத்தில் இருக்கும் சனத்துக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துத்தான் அந்தப் பதாகையையே அடித்திருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள்.

எழுதிய ஒரு வரி என்ன செய்யும் என்று இந்த ஊருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. போர்நிறுத்த ஒப்பந்த காலத்தில் இரு தரப்புப் பிரதேசங்களுக்கும் நடுவில் கடக்கும் வாசலாக இருந்தது இந்த உயிலங்குளம். வெயிலில் வரிசையில் நின்று, அடையாள அட்டையை நீட்டி, அட்டையில் உள்ள பெயரும் கொப்பியில் எழுதும் பெயரும் ஒன்றாக வருகிறதா என்று மூச்சை அடக்கிப் பார்த்தவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். முதலெழுத்து மாறினாலும், விலாசம் மாறினாலும், ஒரு பயணம் நின்றுவிடும். சில வேளை ஒரு வாழ்க்கையும் நின்றுவிடும். எழுத்துப் பிழை சின்ன விடயம் என்று அந்த வரிசையில் நின்ற ஒருவரும் சொல்ல மாட்டார்.

‘காணாமல் போனோர்’ என்று அரச கடிதத்தில் எழுதினால், ‘போகவில்லை, காணாமல் ஆக்கப்பட்டார்கள்’ என்று திருத்திச் சொல்லும் தாய்மார் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். ஒரு வினைச்சொல்லுக்காக ஆண்டுக்கணக்கில் வீதியோரத்தில் இருந்தவர்கள் அவர்கள். பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்திருக்கும் தாய்க்குத் தெரியும்: படம் தானாக ஒன்றும் சொல்லாது. கீழே உள்ள பெயரும் திகதியும் கடைசியாகக் கண்ட இடமும்தான் அதைச் சாட்சியாக்குகின்றன.

மன்னார் சதொச வளாகப் புதைகுழியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கிளறத் தொடங்கி, முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. அவற்றில் சிறுவர்களுடையவையும் இருந்தன. ஆறு மாதிரிகள் அமெரிக்காவில் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போயின. 2019இல் வந்த அறிக்கை அவற்றின் காலத்தை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டது என்றது. அந்த ஒரு வரி ஏற்கத்தக்கதா, ஆறு மாதிரி போதுமா என்று உறவினர்களும் சட்டத்தரணிகளும் அன்று எழுப்பிய கேள்விகள் இன்னும் அடங்கவில்லை. எலும்பின் மேல் எழுதும் ஒரு காலக்குறிப்புக்கு இவ்வளவு கேள்வி கேட்கத் தெரிந்த மாவட்டத்தில்தான், ஒரு கொலைகாரனின் படத்துக்குக் கீழே ‘நீதியரசர்’ என்று எழுதினால் யாருக்குத் தெரியும் என்கிறார்கள்.

இன்னொன்றையும் கேட்கிறோம். நீதிபதிகளின் படம்தான் வேண்டும், நீதிமன்றக் கதைதான் சொல்ல வேண்டும் என்றால், பேர்லின்வரை ஏன் போனீர்கள்?

1962 ஜனவரியில் இந்த நாட்டில் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 24 பேர் மீது வழக்கு வந்தது. அதற்கென்றே ஒரு விசேட சட்டம் போட்டார்கள். நடந்து முடிந்த செயலுக்குப் பின்னால் போய்ப் பிடிக்கும் சட்டம் அது. யூரி கிடையாது, விசாரிக்கும் மூன்று நீதிபதிகளையும் நீதி அமைச்சரே பெயர் குறித்து நியமிக்கலாம் என்றும் எழுதினார்கள். அப்படி நியமிக்கப்பட்ட மூவர்: ரீ.எஸ். பெர்னாண்டோ, எல்.பீ. டி சில்வா, பொ. ஸ்ரீ ஸ்கந்தராஜா. வழக்குத் தொடங்கியது. 1962 ஒக்டோபரில் அந்த மூவரும் தங்களைப் பற்றியே தீர்ப்பு எழுதினார்கள். அமைச்சர் தெரிந்தெடுத்த நீதிபதிகளாக நாங்கள் இந்த வழக்கை விசாரிக்க அரசியலமைப்பில் இடமில்லை என்று சொல்லி எழுந்துவிட்டார்கள். சட்டத்தைத் திருத்தி, வேறு அமர்வு வைத்து, 1965இல் 11 பேரைத் தண்டித்தார்கள். அந்த ஆண்டு டிசெம்பரில் இலண்டனில் இருந்த கோமறைக் கழகம் அந்த விசேட சட்டமே செல்லாது என்று கூறி 11 பேரையும் விடுவித்தது. சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் இதை லியனகே வழக்கு என்று படிப்பிக்கிறார்கள்.

இங்கேயும் மூன்று நீதிபதிகள், அங்கேயும் மேடையில் மூன்று பேர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அங்கியும் கதிரையும் வேறுபாடு காட்டாது. ஆட்சியாளர் கொடுத்த கதிரையில் உட்கார்ந்து கத்தினார் ஒருவர். ஆட்சியாளர் கொடுத்த கதிரை என்பதற்காகவே எழுந்து போனார்கள் மூவர். பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்ல வேண்டியது படத்தின் கீழ் வரும் வரி.

1976இல் அமிர்தலிங்கமும் மற்றத் தமிழ்த் தலைவர்களும் துண்டுப்பிரசுரம் விநியோகித்ததற்காக யூரி இல்லாத விசேட மன்றில் நிறுத்தப்பட்டபோது, தந்தை செல்வாவும் ஜீ.ஜீ. பொன்னம்பலமும் உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட சட்டத்தரணிகள் அவர்களுக்காக எழுந்து நின்றார்கள். மன்னாரிலேயே, 2012 ஜூலை 18ஆம் திகதி, நீதிமன்றக் கட்டடத்தின் மேல் கல் விழுந்தது. நீதவான் வழங்கிய கட்டளை ஒன்று சிலருக்குப் பிடிக்காமல் போனதன் பின்னணியில் நடந்தது அது. அதைக் கண்டித்து நாடு முழுவதும் சட்டத்தரணிகள் பணியைப் புறக்கணித்தார்கள். மன்னாரில் நீதவானாக இருந்து பின்னர் முல்லைத்தீவுக்குப் போன ரி. சரவணராஜா, குருந்தூர்மலை வழக்கால் வந்த அச்சுறுத்தலைக் காரணம் சொல்லி 2023 செப்டெம்பரில் பதவியைத் துறந்து நாட்டைவிட்டே போனார். நீதிபதி என்பவர் யார், அவருக்கு என்ன விலை கேட்கப்படுகிறது என்று காட்ட நம் கண்முன்னே இவ்வளவு இருக்கும்போது, பெயர் தெரியாத ஒரு படத்தை எடுத்து ஒட்டியவர்களை என்னவென்று சொல்வது?

பழைய படம் ஒன்றைக் கையாளுவது எப்படி என்பதற்கு, அந்தப் படத்தை வைத்திருக்கும் ஜேர்மன் சுவடிக்கூடமே வழிகாட்டி. 2008 டிசெம்பரில் அது தன்னிடம் இருந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. படம் எடுத்த காலத்தில் எழுதிய குறிப்பை அழிக்காமல் அப்படியே வைத்தது. அந்தக் குறிப்பு பிழையாகவோ பக்கச்சார்பாகவோ இருக்கலாம் என்று கூடவே எச்சரிக்கையும் போட்டது. பிழை கண்டால் அறிவியுங்கள் என்று கேட்டது. வந்த திருத்தங்களை ஏற்றுப் பதிந்தது. ஆண்டாண்டுகளாக அதே வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே திருத்திக்கொள்வதில் வெட்கம் இல்லை. ஒரு பதாகை அடித்த நமக்கு என்ன மானக்கேடு?

இவை நம் கோரிக்கைகள். சுற்றி வளைக்காமல் சொல்கிறோம்.

கண்காட்சி முடிந்தும் வாசலில் தொங்கும் அந்தப் பதாகையை உடனே இறக்குங்கள். வேறு ஊருக்குக் கொண்டுபோய்க் கட்டும் எண்ணம் இருந்தால் அதையும் கைவிடுங்கள். 

கொடுத்த கையேடு ஒவ்வொன்றுக்கும் ஒரு திருத்தத் துண்டு அச்சடித்து, அந்தந்தப் பாடசாலைக்குப் போய், அட்டையின் மேலேயே ஒட்டுங்கள். உள்பக்கத்தில் ஒளித்து ஒட்ட வேண்டாம். படத்தில் உள்ள மூவரின் பெயர், அவர்கள் வகித்த பதவி, எந்த வழக்கு, எந்த ஆண்டு, எந்த நகரம், படம் எங்கே பாதுகாக்கப்படுகிறது என்ற விவரம் அந்தத் துண்டில் இருக்க வேண்டும். அந்த மன்றை நீதிமன்றமே அல்ல என்று 1985இல் அந்த நாடு அறிவித்ததையும் சேர்த்து எழுதுங்கள்.

காலைக் கூட்டத்தில், பிள்ளைகளுக்கு முன்னால், ‘நாங்கள் பிழை விட்டோம்’ என்று வாய் திறந்து சொல்லுங்கள். பெரியவர்கள் பிழையை ஒத்துக்கொள்வதைப் பார்ப்பதும் பிள்ளைகளுக்கு ஒரு சட்டப் பாடம்தான்.

இனிமேல் பொதுப் பணத்தில் அச்சாகும் எந்தப் படமும், யார், எங்கே, எப்போது, எங்கிருந்து எடுத்தது என்ற நான்கு விவரமும் இல்லாமல் அச்சகத்துக்குப் போகக் கூடாது. நான்கில் ஒன்றுக்கு விடை இல்லாவிட்டாலும் படம் வேண்டாம். வெறும் எழுத்தோடு பதாகை அடியுங்கள். குறைந்து போக மாட்டீர்கள்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம். அந்தக் கையேட்டைக் குப்பையில் போட வேண்டாம். வகுப்புக்குக் கொண்டுபோங்கள். இதில் உள்ள பிழையைக் கண்டுபிடியுங்கள் என்று பிள்ளைகளிடமே கொடுங்கள். படத்தில் யார் நிற்கிறார், யார் நிற்கவில்லை, எதிரி எங்கே, எதிரிக்காகப் பேசுகிறவர் எங்கே என்று கேளுங்கள். ஒரு பாடவேளை போதும்; ஒரு கண்காட்சி செய்யாததை அது செய்யும்.

நடுவில் நிற்பவர் யார் என்று கேட்ட பிள்ளைக்கு இன்னும் சரியான பதில் சொல்லப்படவில்லை. அவள் குறித்துக்கொண்டு போன பொய் அவள் கையெழுத்திலேயே அந்தக் கையேட்டில் இருக்கிறது. இந்தத் தலையங்கம் எழுதி முடிக்கும் இன்று காலையும் பதாகை வாசலில்தான் தொங்குகிறது.